போப் சொல்லி எந்தப் போர் நின்றது?

ஜூன் 2, 2025. கண்டனூர் வாசகர் ஒருவர் தொடங்கியது:
புதிய போப் லியோ, உக்ரைனும் ரஷ்யாவும் வாடிகனில் வந்து பேசலாம் என்கிறார். டிவியில் இதைப் பெரிய செய்தியாகப் போடுகிறார்கள். என் கட்சி இதுதான்: சாமியார் சொல்லிப் போர் நின்றதாகச் சரித்திரமே கிடையாது. முதல் உலகப் போரின் நடுவே, 1917-இல் ஒரு போப் எல்லா அரசுகளுக்கும் சமாதானக் கடிதம் போட்டார். எல்லாரும் குப்பையில் போட்டார்கள். அரசாங்கம் மரியாதைக்குத் தலையாட்டும், அவ்வளவுதான். இல்லை என்பவர்கள் ஆதாரத்தோடு வாருங்கள்.

ஜூன் 3, காலை. பழம்பொருள் கடைக்காரன் நான் எழுதிய பதில்:
குப்பையில் போட்டிருந்தால் பதில் எழுதியிருக்க மாட்டார்கள் அண்ணே. பதினைந்தாம் பெனடிக்ட்டின் கடிதம் 1917 ஆகஸ்ட் 1 தேதியிட்டது. அதே மாதம் 27-ஆம் தேதி அமெரிக்காவின் பதில், வெளியுறவுச் செயலர் லான்சிங் கையெழுத்தோடு போய்விட்டது. செப்டம்பரில் ஜெர்மனி எழுதியது, ஆஸ்திரியா எழுதியது. பதில்கள் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

கடிதத்தில் இருந்ததும் வெறும் உபதேசம் இல்லை. ஆயுதத்தை எல்லாரும் சேர்ந்து குறைப்பது, தகராறுகளை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோவது, கடல்வழி எல்லாருக்கும் பொது, நஷ்டஈடு யாரும் யாரிடமும் கேட்பதில்லை, பெல்ஜியத்தையும் பிரான்சில் பிடித்த பகுதிகளையும் ஜெர்மனி விட்டுப் போவது, ஜெர்மனியின் காலனிகளை அதனிடமே திருப்பிக் கொடுப்பது. போரை 'பயனற்ற படுகொலை' என்று அதில் எழுதியதுதான் எல்லாருக்கும் உறைத்தது. சண்டையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடுகளிடம் போய்ப் பயனற்றது என்றால் எந்த மந்திரிக்குக் கோபம் வராது?

கடிதத்துக்கு முந்தைய வேலைதான் ரசமானது. மியூனிக்கில் போப்பின் தூதராக இருந்தவர் யூஜெனியோ பச்செல்லி. 1917 ஜூன் கடைசியில் அவர் பெர்லினில் ஜெர்மன் பிரதமர் பெத்மான் ஹோல்வெக்கைப் பார்த்தார். ஜூன் 29-ஆம் தேதி கிரோய்ட்ஸ்நாக் ராணுவத் தலைமையகத்தில் ஜெர்மன் பேரரசர் கைசரையே பார்த்தார். பெல்ஜியத்தின் சுதந்திரத்தைத் திரும்பக் கொடுக்கலாம் என்ற பேச்சுக்கு பெத்மான் பிடிகொடுத்தார். மூன்று வாரம் தாண்டவில்லை, ஜூலை 13-ஆம் தேதி அவர் பதவி போனது. தளபதிகள் தள்ளிவிட்டார்கள். அடுத்து வந்த மிகேலிஸ், பெல்ஜியம் பற்றி போப் திரும்பத் திரும்பக் கேட்டும், செப்டம்பர் 24-ஆம் தேதி ஒரு வழவழா பதிலை அனுப்பினார். பெல்ஜியத்தை விடுவோம் என்ற ஒரே வரி அதில் இல்லை. அந்த வரி இல்லாமல் லண்டன் வாயைத் திறக்காது.

கடிதம் படுத்ததற்குக் காரணம் எழுதியவர் சாமியார் என்பதல்ல. பேச ஆள் இருந்த நேரத்தில் கடிதம் தயாராகவில்லை. கடிதம் வந்த நேரத்தில் ஆள் மாறிவிட்டார்.

ஜூன் 3, இரவு
காலையில் முக்கியமான சரக்கை விட்டுவிட்டுப் போய்விட்டேன். கடையில் கூட்டம்.

1915 ஏப்ரல் 26. லண்டனில் ஒரு ரகசிய ஒப்பந்தம். ஜெர்மனி பக்கம் சாய்ந்திருக்க வேண்டிய இத்தாலியைத் தங்கள் பக்கம் இழுக்க பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் எழுதிக்கொடுத்தது. மலை, துறைமுகம், தீவு என்று நிறைய வாக்குறுதிகள். அதில் 15-வது ஷரத்தைப் பாருங்கள்: சமாதானப் பேச்சிலோ, போர் எழுப்பிய பிரச்சினைகளைத் தீர்ப்பதிலோ போப்பின் பிரதிநிதி கலந்துகொள்வதை இத்தாலி எதிர்த்தால், மற்ற மூவரும் அதற்குத் துணை நிற்பார்கள்.

அதாவது போப் கடிதம் எழுதுவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே அவருக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். ரோம் நகரை 1870-இல் போப்பிடமிருந்து பிடித்த நாடு இத்தாலி. சமாதான மேசையில் அவர் உட்கார்ந்தால் அந்தப் பழைய கணக்கையும் எடுப்பார் என்று பயம். ரஷ்யாவில் போல்ஷெவிக் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் ஜார் அரசின் ரகசியக் காகிதங்களை அச்சில் போட்டபோதுதான் இது ஊருக்குத் தெரிந்தது.

சாமியார் சொல்லை யாரும் மதிப்பதில்லை என்கிறீர்கள். மதிக்காத ஆளைத் தடுக்கவா மூன்று வல்லரசுகள் ஒரு ஷரத்தைச் செலவு செய்யும்?

ஜூன் 4
பள்ளத்தூர் ஆச்சி கேட்டிருக்கிறார்: "அமெரிக்க அதிபர் வில்சன் நல்ல மனுஷன்தானே, அவர் ஏன் மறுத்தார்?"

ஜெர்மனியின் இப்போதைய ஆட்சியாளர்கள் தரும் வாக்கை நம்ப முடியாது, அந்த மக்களே பின்னால் நிற்கும் உத்தரவாதம் வேண்டும் என்பது அவர் பதிலின் சாரம். அமெரிக்கா போருக்குள் வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. படைகள் கப்பலேறிக்கொண்டிருந்த நேரம். பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று யார் சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனால் 1918 ஜனவரி 8-ஆம் தேதி அவரே சமாதானத்துக்கு 14 அம்சத் திட்டம் வெளியிட்டார். கடல்வழி சுதந்திரம், ஆயுதக் குறைப்பு, பெல்ஜியம் விடுதலை. போப்பின் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள் ஆச்சி. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி.

ஜூன் 5
அந்தப் போர் நம் பக்கம் வரவே இல்லையே என்று எழுதியவருக்கு: 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அதற்குப் பிறகு 'அவன் சரியான எம்டன்' என்று ஊரே பேசியது. வம்பு வளர்த்தவனின் கப்பல் பெயர் நம் பேச்சில் நிற்கிறது. வம்பை நிறுத்தப் பார்த்தவர் பெயரைக் காரைக்குடியில் கேட்டால் நூற்றில் ஒருவருக்குக்கூடத் தெரியாது.

ஜூன் 7
சொந்த அனுபவம் ஒன்று. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவன் நான். வீடு பிரிக்கும்போது தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, பீங்கான் ஜாடி எல்லாம் விலை பேசி வரும். அவற்றோடு வரும் தகரப் பெட்டியை யாரும் விலை பேச மாட்டார்கள். உள்ளே ஏடு, வட்டிச்சிட்டை, கடுதாசி. எனக்கு அதில்தான் ஆசை.

அப்படி ஒரு பெட்டியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவம் ஒன்று கிடைத்தது. ஜப்பான் பிடியிலிருந்த பினாங்கில் லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக (உதவியாளாக) இருந்தவருக்கு வீட்டிலிருந்து 1943-இல் எழுதியது. 25 வார்த்தைக்கு மேல் எழுதக்கூடாது, குடும்ப விஷயம் தவிர எதுவும் கூடாது. அப்பச்சி உடம்பு சரியாகிவிட்டது, தங்கைக்குக் கல்யாணம் முடிந்தது, பதில் போடவும். பின்பக்கம் அவர் பதில்: நலம், கவலை வேண்டாம். மேலே தணிக்கை முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்று. போய்த் திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. கொடுத்த வீட்டார் அதைத் திரும்பக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

இதை ஏன் சொல்கிறேன்? சண்டை போடும் இரண்டு அரசுகளுக்கு நடுவே ஒரு துண்டுக் காகிதம் போய்வர, இரண்டு பக்கமும் உள்ளே விடும் ஓர் ஆள் வேண்டும். முதல் போரில் அந்த வேலையில் பெனடிக்ட்டுக்கும் பங்கு உண்டு. இனி போருக்கு உதவாத அளவு ஊனப்பட்ட கைதிகளை மாற்றிக்கொள்ளுங்கள் என்று 1914 கடைசியில் கேட்டார், அரசுகள் ஒத்துக்கொண்டன. காசநோய் வந்த கைதிகளை இரண்டு பக்கமும் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பி வைப்பது 1916 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. செஞ்சிலுவைச் சங்கம், சுவிஸ் அரசு, வாடிகன் மூன்றும் சேர்ந்து இழுத்த தேர் அது. இரண்டாம் போரில் வாடிகன் தனியாக ஒரு தகவல் அலுவலகமே நடத்தியது. காணாமல் போனவர்கள் பற்றி விசாரித்தது, கைதிகளின் பெயர்களை வாடிகன் வானொலியில் வாசித்தது.

ஆக, அரசுகளுக்குச் சாமியார் தபால்காரராக வேண்டும், நாட்டாண்மையாக வேண்டாம். என் கட்சி இது.

ஜூன் 8
தேவகோட்டை தே பிரித்தோ பள்ளியில் படித்த நண்பர் ஒருவர் ரூஸ்வெல்ட்டை இழுத்துவிட்டார். "அமெரிக்க அதிபர் போப்பிடம் தனி ஆளை அனுப்பினாரே, அது சமாதானத்துக்குத்தானே?"

ஆரம்பத்தில் அப்படித்தான். 1939 டிசம்பர் 23 தேதியிட்ட கடிதத்தில், சமாதான முயற்சிகளை ஒன்றாகச் சேர்ந்து செய்யலாம் என்று ரூஸ்வெல்ட் பன்னிரண்டாம் பயஸுக்கு எழுதினார். இந்தப் பயஸ் யார் தெரியுமா? 1917-இல் கைசரைப் பார்க்கப் போன அதே பச்செல்லி.

அனுப்பப்பட்டவர் மைரன் டெய்லர். யு.எஸ். ஸ்டீல் கம்பெனியின் முன்னாள் தலைவர், கத்தோலிக்கர் அல்ல. தூதர் என்று பெயர் கிடையாது, 'அதிபரின் சொந்தப் பிரதிநிதி'. சம்பளமும் கிடையாது. காரணம் வேடிக்கையானது. ரோமில் தூதரகம் வைக்க அரசுப் பணம் தரக்கூடாது என்று 1867-இலேயே அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டுவிட்டது. தூதர் என்றால் செனட் ஒப்புதல் வேறு வேண்டும், புராட்டஸ்டன்ட் சபைகள் சும்மா விடமாட்டா. எனவே பணக்காரர் ஒருவரைப் பிடித்து, சொந்தச் செலவில் போய் வாருங்கள் என்று அனுப்பினார். செட்டிநாட்டுக்காரர்கள் ரசிக்க வேண்டிய சிக்கனம்.

1941 டிசம்பரில் இத்தாலியும் அமெரிக்காவும் எதிரிகளாயின. டெய்லரின் உதவியாளர் ஹெரால்டு டிட்மன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாடிகன் மதிலுக்குள்ளேயே குடிபோனார். மறு ஆண்டு செப்டம்பரில் டெய்லர் லிஸ்பன் வழியாக ரோமுக்கே வந்தார், எதிரி நாட்டுத் தலைநகருக்கு. முசோலினி அரசு வழிவிட்டது. வந்தவர் போப்பிடம் சொன்னது: அரைகுறைச் சமாதானத்துக்கு அமெரிக்கா ஒத்துக்கொள்ளாது, முழு வெற்றிவரை சண்டை உண்டு. நீங்கள் சமாதானம் பேசுங்கள் என்று ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் சேர்ந்த அச்சு நாடுகள் போப்பை உசுப்பிவிடுமோ என்ற கவலையில் முன்கூட்டியே அணைபோட வந்த பயணம் அது. சமாதானத்துக்கு என்று நியமித்த ஆள், சமாதானப் பேச்சு எடுக்காதீர்கள் என்று சொல்லப் போனார். 1943 ஜனவரியில் காசாபிளாங்காவில் 'நிபந்தனையற்ற சரணடைவு' என்று ரூஸ்வெல்ட் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டார்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 1942 மார்ச்சில் வாடிகனோடு ஜப்பான் தூதரக உறவு வைத்துக்கொண்டது. வந்தவர் கென் ஹராடா. வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் கடுங்கோபம். ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த மாதம் அது. அங்கே மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டி வீதம் தீர்மானித்துக்கொண்டிருந்த செட்டியார்கள் பர்மாவை விட்டு அரக்கான் பாதையில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஐயாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். நாட்டுக்கோட்டையார் கடையில் மேலாளுக்குச் சமைத்துப் போட்டவர். ஜப்பான் பேரைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார். ஹராடாவுக்கு போப் நாற்காலி போட்ட கதை தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கவே வேண்டாம், அச்சில் ஏற்ற முடியாது.

ஆனால் 1945 மே மாதத்துக்கு வாருங்கள். அமெரிக்க உளவுத்துறை ஆள் மார்ட்டின் குவிக்லி, வாடிகன் அதிகாரி ஒருவர் வழியாக ஹராடாவுக்குச் செய்தி அனுப்பினார்: பேசலாமா? ஹராடா டோக்கியோவுக்குத் தெரிவித்தார். டோக்கியோ வாயைத் திறக்கவில்லை. ஹிரோஷிமா ஆகஸ்ட் 6. மூன்று வருஷத்துக்கு முன் எதிர்த்த அதே நாற்காலி தேவைப்பட்டது பாருங்கள்.

ஜூன் 9
கண்டனூர் அண்ணன்: "ஆகக்கூடி அதுவும் நிற்கவில்லை. என் கட்சி ஜெயித்தது."
ஜெயித்தது. பாக்கு வெற்றிலை வீட்டுக்கு வரும்.

ஜூன் 12
குன்றக்குடி அடிகளாரை ஏன் யாரும் சொல்லவில்லை என்று பிள்ளையார்பட்டியிலிருந்து ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். நியாயம்தான். குமரி மாவட்டத்தில் இந்து-கிறிஸ்தவர் மோதிக்கொண்ட மண்டைக்காடு கலவரம் நடந்த 1982-இல் அடிகளார் அங்கே போய் இரண்டு தரப்பையும் சந்தித்து அமைதிப் பணி செய்தார். ஒரு சைவ மடத்தின் தலைவர் மீனவர் குப்பத்தில் போய் உட்கார்ந்து பேசியதை எங்கள் பக்கம் இன்றும் சொல்வார்கள்.

ஆனால் அந்தக் கணக்கு வேறு. மண்டைக்காட்டில் அரசு சண்டைக்காரன் இல்லை, அமைதி வந்தால் அரசுக்கு லாபம். அங்கே சாமியார் நாட்டாண்மையாக இருக்கலாம், மாலை போடுவார்கள். அரசே ஒரு தரப்பாக இருக்கும்போதுதான் அவர் நாற்காலியை யாரும் விரும்புவதில்லை. இரண்டையும் கலக்க வேண்டாம்.

ஜூன் 15
ஏழாம் தேதி எழுதியதை இன்னொரு தடவை புரட்டிப் பார்க்கிறேன். தபால்காரர் என்று சொன்னது பாதிதான். தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் படித்துக் கருத்து சொல்ல மாட்டார் என்பதற்காகத்தான் எல்லாரும் கதவைத் திறக்கிறார்கள். அதற்கு விலை உண்டு.

1942 செப்டம்பர் பயணத்தில் டெய்லர் இன்னொரு காகிதத்தையும் வாடிகனிடம் கொடுத்தார். யூதர்களை நாஜிகள் அடைத்துவைத்திருந்த வார்சா கெட்டோவில் அவர்களைக் கொன்று குவிக்கும் செய்தி வந்திருக்கிறது, உங்களுக்குத் தகவல் உண்டா, உலகத்தின் கருத்தைத் திரட்ட ஏதாவது யோசனை உண்டா என்று. அக்டோபரில் வந்த பதில்: கடுமையான நடவடிக்கைகள் பற்றி எங்களுக்கும் செய்தி வருகிறது, சரிபார்க்க முடியவில்லை. டிசம்பர் 17-ஆம் தேதி அமெரிக்கா, பிரிட்டன் முதலிய நேச நாடுகள் யூதப் படுகொலையைக் கண்டித்து வெளியிட்ட அறிக்கையில் போப் சேரவில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் உரையில், தங்கள் தவறு ஏதுமின்றி தேசத்தாலோ இனத்தாலோ மட்டும் சாவுக்குக் குறிக்கப்பட்ட லட்சக்கணக்கானவர்களைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். யூதர் என்ற பெயர் இல்லை, நாஜி என்ற பெயரும் இல்லை.

ஆக அமெரிக்க அரசு போப்பிடம் கேட்டது இரண்டு: சமாதானம் பற்றிப் பேசாதே, கொலை பற்றிப் பேசு. முதலாவது அரசின் வசதிக்கு. இரண்டாவது அப்படியல்ல, அது பேசியே தீரவேண்டிய விஷயம். கதவு சாத்திவிடக்கூடாதே என்று பார்த்துப் பார்த்துப் பேசிய போப், கதவு போனாலும் போகட்டும் என்று கத்த வேண்டிய இடத்திலும் அதே குரலில் பேசினார். மறைவாகப் பலரை மடங்களில் காப்பாற்றினார்கள் என்று ஒரு கட்சி சொல்லும், அதுவும் நடந்ததுதான். எனக்கு மனசு ஆறவில்லை.

இதற்கு 'லைக்' போட்டவர்கள் தயவுசெய்து எந்த வரிக்கு என்று சொல்லவும்.

ஜூன் 19
இன்றைய சண்டைக்கு வரச் சொல்கிறீர்கள், வருகிறேன்.

2024 மார்ச்சில் போப் பிரான்சிஸ், வெள்ளைக் கொடி காட்டிப் பேசும் துணிச்சல் வேண்டும் என்ற பொருளில் ஒரு பேட்டியில் சொன்னார். உக்ரைன் கொதித்தது, போப்பின் தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. அது அவர் நாட்டாண்மையாகப் பேசிய நாள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே அவர் அனுப்பிய கர்தினால் ஸூப்பி, கீவ், மாஸ்கோ, வாஷிங்டன், பெய்ஜிங் என்று நான்கு தலைநகரங்களையும் சுற்றிவிட்டார். ரஷ்யாவுக்குக் கொண்டுபோகப்பட்ட உக்ரைன் குழந்தைகளின் பெயர்ப்பட்டியல், கைதிகளின் பெயர்ப்பட்டியல், இவைதான் அவர் பையில். வெள்ளைக் கொடிக்குப் பிறகும் அந்தப் பட்டியல் வேலையை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

புதிய போப் இடம் தருகிறேன் என்றதற்கு ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் என்ன சொன்னார்? இரண்டு ஆர்த்தடாக்ஸ் நாடுகள் கத்தோலிக்கத் தலத்தில் போய்ப் பேசுவது அழகாக இருக்காது என்றார். மே 23. பத்துப் பன்னிரண்டு நாளில், ஜூன் 4-ஆம் தேதி, போப் லியோவோடு புதின் தொலைபேசியில் பேசினார். இடம் வேண்டாம், இணைப்பைத் துண்டிக்கவும் வேண்டாம். போன பேச்சுவார்த்தையே இஸ்தான்புல்லில்தானே நடந்தது.

இஸ்தான்புல் என்றதும் நினைவு வந்தது. அங்கே பரிசுத்த ஆவி பேராலய முற்றத்தில் பெனடிக்ட்டுக்கு ஒரு சிலை இருக்கிறது. முஸ்லிம்கள், யூதர்கள், ஆர்த்தடாக்ஸ்காரர்கள் எல்லாரும் சேர்ந்து காசு போட்டு வைத்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே. சமாதானக் கடிதத்துக்காக அல்ல, போரில் செய்த உதவிக்காக.

ஜூன் 20
"உங்க கடையில் போப் சிலை இருக்கா?" என்று கேட்டவருக்கு: இல்லை. ரவிவர்மா லட்சுமி இருக்கிறாள், விலை குறையாது.

ஜூன் 22
கண்டனூர் அண்ணனின் கடைசிக் கேள்வி: "சரி, 15-வது ஷரத்து ஜெயித்ததா இல்லையா?"

மேசையைப் பொறுத்தவரை ஜெயித்தது. 1919 ஜனவரி 4-ஆம் தேதி வில்சன் வாடிகனுக்குப் போய் பெனடிக்ட்டைப் பார்த்தார்; பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் போப்பைச் சந்தித்தது அதுதான் முதல் தடவை. பார்த்துக் கைகுலுக்கினார்களே தவிர, பாரீஸ் மாநாட்டில் போப்புக்கு இடம் கொடுக்கவில்லை.

ஆனால் ஜெர்மன் பாதிரிமார்களின் மிஷன் சொத்துகளைத் தோற்ற நாட்டின் சொத்து என்று சொல்லிப் பறித்துக்கொள்வார்களோ என்று பேசுவதற்காக, செரெட்டி என்ற வாடிகன் அதிகாரி பாரீசுக்குப் போனார். மாநாட்டுப் பிரதிநிதியாக இல்லை, சொத்து விஷயமாகத்தான். ஜூன் 1-ஆம் தேதி ஓர் ஓட்டல் அறையில் இத்தாலியப் பிரதமர் ஒர்லாண்டோவைச் சந்தித்து 1870-ஆம் வருஷத்து ரோம் தகராறைப் பேசினார். 15-வது ஷரத்தைக் கேட்டு வாங்கிய நாட்டின் பிரதமரிடம். அந்தப் பேச்சு அப்போது முடியவில்லை, ஒர்லாண்டோவின் அரசும் அதே மாதம் கவிழ்ந்தது. 1929 பிப்ரவரி 11-ஆம் தேதி முசோலினி கையெழுத்துப் போட்ட லாத்தரன் ஒப்பந்தத்தில் அது முடிந்தது, வாடிகன் தனி நாடானது. பிரதிநிதியாக உள்ளே விட்டிருந்தால் கிடைக்காத ஆளை, சொத்து விசாரிக்க வந்தவர் பிடித்துவிட்டார்.